மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்

கொத்தடிமை ஒழிப்பு, ஆள்கடத்தல் தடுப்பு என்று நடக்கும் கூட்டங்களில் என்னை எப்போதும் காலையிலேயே பேச வைத்துவிடுவார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, அப்புறம் நான். “உங்க கதையைச் சொல்லுங்க தம்பி” என்பார்கள். பத்து வயதில் ஆட்டுக்கிடைக்கு அடகு போனது, வயலில் படுத்தது, அடி வாங்கியது எல்லாம் சொல்வேன். முன்வரிசையில் யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சால்வை, போட்டோ, தேநீர் இடைவேளை. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். எந்த ஊரில் எப்படிக் கணக்கெடுப்பது, விசாரணையில் என்ன கேட்பது, இருக்கிற பணத்தை எதில் போடுவது என்றெல்லாம் அப்போதுதான் பேசுவார்கள். அந்த மேசையைச் சுற்றி எனக்கு நாற்காலி இருக்காது.

ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே என் கையில் பஸ் காசைக் கவரில் போட்டுக் கொடுத்து, “நீங்க கிளம்பலாம் தம்பி, ஊர் போய்ச் சேர நேரமாயிடும்” என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று மதியம் அவர்கள் பேசவிருந்தது, ஆட்டுக்கிடைகளில் இருக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றி. அந்த மண்டபத்தில் கிடையில் படுத்துத் தூங்கிய ஆள் நான் ஒருவன்தான்.

இதை எழுதுவது அந்த நாற்காலிக்காக. எனக்கு மட்டுமில்லை, என்னைப் போலவே அடிமைப்பட்டு மீண்டு, இப்போது மீட்பு வேலைக்குப் போகிற எங்கள் குழுவில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

தெரியாதவர்களுக்காகக் கிடை பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்ததும், ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் டெல்டாவுக்குள் வலசை வரும். மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, நன்னிலம் என்று பரவி, பகலில் அறுத்த தாளில் மேயும். இரவில் வயலிலேயே கிடை கட்டுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த சாகுபடிக்கு உரம் என்பதால், வயல்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று மந்தையை நடத்துகிற கீதாரிக்குக் கொடுப்பார். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலில் ஓடும்வரை இது நடக்கும். மண்ணுக்கு நல்லது, ஆட்டுக்கும் நல்லது. கீதாரிகளும் வீடு வாசலை விட்டு வெயிலிலும் பனியிலும் அலைகிற ஜனங்கள்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு தாங்களே மேய்க்கிற கீதாரிகள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மந்தை பெருத்துக் கைக்கு ஆள் போதாதபோது, கடன்பட்ட வீட்டுப் பிள்ளையைத் தேடி ஆள் அனுப்புகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம், கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் மேலே இருக்கிற ஊர்களெல்லாம் குடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். 2002-இல் காவிரி பொய்த்தது, அடுத்த வருஷமும் அதே கதை. வயலில் வேலை இல்லை என்றால் கூலிக்காரன் வீட்டில் அடுப்பும் எரியாது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஊருக்குத் தெரிந்த ஒரு தரகர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “பையன் ஒரு வருஷம் ஆடு மேய்க்கட்டும், மூணு வேளை சோறு, தீபாவளிக்குத் துணி” என்றார். முன்பணம் 6,000 ரூபாய். அம்மா அழுதது நினைவிருக்கிறது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? அரிவாள் பட்டு நிற்கிற தாள் ஊசி மாதிரி இருக்கும். காலையில் குத்தின இடம் சாயங்காலம் வீங்கும். அடுத்த நாள் அதே காலோடு ஈர வயலில் நிற்க வேண்டும், விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்துவிடும். மண்ணெண்ணெய் தடவுவார்கள். ராத்திரி சாக்கை விரித்து, ஆடுகளை ஒட்டிப் படுத்துக்கொள்வேன், அந்தச் சூட்டுக்காக. ஆட்டு மொச்சை உடம்பில் ஏறி, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. அடியைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. அடி பெரிய விஷயமாக எனக்கு அப்போது தெரியவில்லை. எண்ணிக்கைதான் பெரிய விஷயம்.

இருட்டுவதற்குள் ஆட்டைக் கிடையில் விட்டு எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் கணக்கில் ஏறும். நரி பிடித்தாலும், ரோட்டில் லாரி அடித்தாலும், கண்டதைத் தின்று வயிறு உப்பிச் செத்தாலும் என் கணக்குத்தான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கிக் கொடுத்த மாத்திரையும் அதில் ஏறியது. ஒரு வருஷம் முடிந்தபோது 6,000 ரூபாய் 11,000 ஆகியிருந்தது. எனக்குக் கழித்தல் கணக்கு நன்றாக வரும், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைச் சொல்லிப் பாராட்டியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை. நான் உழைக்க உழைக்க அது ஏன் ஏறுகிறது என்று கிடையில் படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருப்பேன்.

இனி விசாரணைக்கு வருகிறேன், நான் சொல்ல வந்ததே இதுதான். நன்னிலம் பக்கம் ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு நாள் ஜீப் வந்து நின்றது. இறங்கின மேடம் நல்லவர், குரலிலேயே தெரிந்தது. “தம்பி, உன்னை அடிக்கிறாங்களா?” இல்லை என்றேன். “சாப்பாடு போடுறாங்களா?” போடுறாங்க. “படிக்கப் போறியா?” வேண்டாம். பத்தடி தள்ளிக் கீதாரியின் தம்பி நின்றுகொண்டிருந்தார். அவர் முறைக்கக்கூட இல்லை. முறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அந்த 11,000 என் தலைக்குள் இருந்தது. நான் போய்விட்டால் அதை அப்பாவிடம் கேட்பார்கள், அப்பாவால் எழுந்து நிற்கவே முடியாது. அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். மேடம் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில மாதம் கழித்து வேறொரு குழு வந்தது. அதில் ஒரு பெரியவர். கல்குவாரியில் குடும்பத்தோடு அடிமைப்பட்டுக் கிடந்து மீண்டவர் என்று பிற்பாடுதான் தெரிந்தது. மற்றவர்கள் கீதாரியோடு பேசிக்கொண்டிருக்க, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் என் பக்கத்தில் குந்தினார். என் காலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “இந்தக் கிடையில எத்தனை உருப்படி?” என்றார். சொன்னேன். “ராத்திரி எண்ணுறது யாரு?” சொன்னேன். “ஒண்ணு குறைஞ்சா?”

“கணக்குல ஏறிரும்.”

“உன் கணக்கு இப்ப எவ்வளவு நிக்குது?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. 11,000 என்றேன், அழுகை வந்துவிட்டது. அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்துபோய் அதிகாரியிடம் பேசினார். அன்று சாயங்காலம் நான் கிடையில் படுக்கவில்லை.

இந்த ஒரு கேள்விக்கும் முந்தைய மேடம் கேட்ட கேள்விக்கும் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். இத்தனைக்கும் சட்டம் அந்தப் பெரியவர் பக்கம்தான் இருக்கிறது. 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. முன்பணம் வாங்கினதற்காகக் கூலி இல்லாமலோ பேருக்குக் கொஞ்சம் கூலிக்கோ உழைக்க வேண்டியிருக்கிறதா, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம் இல்லையா, விரும்பிய இடத்துக்குப் போக முடியவில்லையா என்றுதான் அது பார்க்கிறது. கடன் அடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும், 15-ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் தலையில்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1983-இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. இவ்வளவு இருந்தும், விசாரணைக்குப் போகிறவர்கள் இன்றும் முதலில் தேடுவது சங்கிலியையும் தழும்பையும்தான். அனுபவித்தவன் கூட இருந்தால் நேராகக் கணக்குக்குப் போவான்.

இப்போது எங்கள் குழு கேட்கிற கேள்விகள் இப்படித்தான் வந்தவை. போன தீபாவளிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்போம். ஊருக்குப் போகாத பிள்ளை அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டான், அதில் ஆபத்து இருப்பதாகவே அவனுக்குத் தெரியாது. அம்மா போன் நம்பர் தெரியுமா என்று கேட்போம். எந்தச் செருப்பு உன்னுடையது என்று கேட்போம். சொந்தக்காரப் பையன் என்று கீதாரி சொன்னால், அந்த வீட்டுச் சடங்கு எதற்காவது போயிருக்கிறாயா, என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்போம். எல்லாவற்றுக்கும் முன்னால், பையனைக் கீதாரி கண்ணுக்கு மறைவாகக் கூட்டிப்போவோம். பத்தடி போதாது. குரல் கேட்காத தூரம் போதாது, முகமே தெரியக் கூடாது.

எங்கள் குழுவில் நாகப்பட்டினம் பக்கத்து அக்கா ஒருவர் இருக்கிறார். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு நூற்பாலைக்குப் போனவர். முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தொகை தருவோம் என்பார்கள், நடுவில் வந்துவிட்டால் அது போச்சு. ஆடு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆலை விடுதி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆலைப் பெண்கள் வீட்டுக்குப் பேசும்போது வார்டன் பக்கத்தில் நிற்பது அவருக்குத்தான் தெரியும். அதனால் பெற்றோரிடம், “பிள்ளை போன்ல நல்லா இருக்கேன்னு சொன்னதா? எத்தனை நிமிஷம் பேசுச்சு? எப்பவும் அதே நேரத்துலயா?” என்று அவர் கேட்பார். ஒருவனை வைத்துக்கொண்டு ‘பாதிக்கப்பட்டோர் பிரதிநிதி’ என்று சொல்லிவிடுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் காரணம். செங்கல் சூளையில் இருந்தவருக்குச் சூளை தெரியும். வாத்து மேய்த்தவனுக்கு வாத்துக்காரர்கள் தெரியும். என்னை மட்டும் கூப்பிட்டால் ஆட்டுக்கிடை மட்டும்தான் கிடைக்கும்.

மீட்ட பிறகுதான் பெரிய வேலை. கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்ட விடுதலைச் சான்றிதழ் கையில் வர வேண்டும், அது இல்லாமல் ஒன்றும் நகராது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை உண்டு. மொத்த உதவி வளர்ந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல் மாதிரி மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். ஆனால் முழுத் தொகையும் கைக்கு வருவது வழக்கு முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை வீட்டுக்குக் கடன்காரன் வருவான். பிள்ளை திரும்பிய மறுவாரமே தரகர் திண்ணையில் உட்கார்ந்து, “முன்பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாட்டித் தம்பியை அனுப்பு” என்பார். அண்ணனை மீட்டு, தம்பி போன வீடு எனக்குத் தெரியும்.

சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி அந்தக் கடன் ஒழிந்துபோய்விட்டது. கோர்ட்டுக்குப் போய்க்கூட அதைக் கேட்க முடியாது. இதை அதிகாரி சொல்லலாம், வக்கீல் சொல்லலாம். எந்த அப்பாவும் நம்ப மாட்டார். வாங்கினதைக் கொடுக்காதவன் என்று ஊர் சொல்லுமே என்பதுதான் அவர் பயம். அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்து, “பெரியப்பா, எங்க அப்பாவும் 6,000 வாங்கினாரு. ஒரு பைசா திருப்பிக் கொடுக்கல. என்னைப் பாருங்க, உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன், யாரும் எங்களை ஒண்ணும் பண்ணிடல. அந்தக் கடன் செத்துப்போச்சு” என்று நான் சொன்னால் நம்புகிறார். நான் படித்த படிப்புக்காக நம்பவில்லை. அதே கடனில் இருந்து வந்தவன் என்பதற்காக நம்புகிறார்.

பிள்ளைகளோடும் அப்படித்தான். திரும்பி வந்த பையன்கள் சில நாள் வீட்டுக்குள் படுக்க மாட்டார்கள். நடுராத்திரியில் எழுந்து எதையோ எண்ணிக்கொண்டிருப்பார்கள். அம்மாவிடம் பேச மாட்டார்கள். அந்த மௌனம் எனக்குத் தெரியும். ‘ஏன் என்னை அனுப்பினாய்’ என்ற கேள்வி தொண்டையில் நிற்கும், அதைக் கேட்டால் அம்மா உடைந்துபோவாள் என்ற பயமும் கூடவே நிற்கும். ஆலோசகர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கண்டிப்பாக வேண்டும், எனக்கே அவர்கள் உதவியிருக்கிறார்கள். ஆனால் ஆலோசகர் வந்து போன பிறகு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து, “நானும் எங்க அம்மாகிட்ட ரொம்ப நாள் பேசலடா” என்று சொல்ல ஓர் அண்ணன் வேண்டும். ஒரு பையன் என்னைத் திருப்பிக் கேட்டான்: “அப்புறம் எப்படிண்ணே பேசுனீங்க?” அதற்கு எனக்கு ஒழுங்கான பதில் இல்லை. மீன் குழம்பு வைத்த ஒரு நாள் தானாகப் பேசிவிட்டேன் என்றேன். அவன் சிரித்தான். அது போதும் என்று தோன்றியது.

இதெல்லாம் புதிதாக யாரோ வெளிநாட்டில் கண்டுபிடித்த யோசனை என்று சிலர் நினைக்கிறார்கள். அங்கேயும் நடக்கிறது, உண்மைதான். அமெரிக்காவில் 2015-இல் சட்டம் போட்டே, ஆள்கடத்தலில் இருந்து மீண்டவர்களை மட்டும் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றை அரசுக்கு அமைத்தார்கள். நம் நாட்டில் இல்ஃபாட் என்ற கூட்டமைப்பு பல மாநிலங்களில் மீண்டவர்களை ஒன்று சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே விடுவிக்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் தஞ்சை மண்ணுக்கு இது இன்னும் பழைய விஷயம். எங்கள் தாத்தா காலத்தில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தன. சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பார்கள். அதை நிறுத்தியது மனம் இரங்கிய எந்தப் பண்ணையாரும் இல்லை. வெளியிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சேரிகளிலேயே தங்கி, அவர்கள் கஞ்சியையே குடித்து, அவர்களையே சங்கத்தின் தலைவர்களாக்கினார். களப்பால் குப்பு அப்படி வந்தவர், 1948-இல் திருச்சிச் சிறையில் செத்தார். 1944-இன் மன்னார்குடி ஒப்பந்தமும், 1952-இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அடி வாங்கிய ஆட்கள் பேச்சுவார்த்தை மேசைக்கு எதிரே நின்றதால் வந்தவை. எங்கள் தாத்தா 1952-ஐப் பற்றிச் சொல்லும்போது “சட்டம் வந்துச்சு” என்று சொல்ல மாட்டார், “வாங்கினோம்” என்பார்.

அடி வாங்கியவர்கள் சொல்லை நம்பாமல் போனதும் இதே மண்ணில்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலிக்காரக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் யார் செய்தது என்று சொன்னார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் வைத்திருக்கிற அவ்வளவு பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்று தீர்ப்பில் எழுதினார்கள். யாருடைய வார்த்தைக்கு எவ்வளவு எடை என்பது எங்கள் ஊரில் வெறும் பேச்சில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 1976 சட்டத்தின் 13-ஆம் பிரிவு மாவட்டத்துக்கும் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு வைக்கச் சொல்கிறது. மாவட்டக் குழுவில் அந்த மாவட்டத்திலேயே குடியிருக்கிற பட்டியல் சாதி, பழங்குடியினர் மூன்று பேரையும், சமூகப் பணியாளர் இரண்டு பேரையும் ஆட்சியரே நியமிக்கலாம். கோட்டத்தில் அதே அதிகாரம் கோட்டாட்சியருக்கு. அடிமைப்பட்டு மீண்டவருக்கு என்று தனி இடம் சட்டத்தில் எழுதப்படவில்லை, ஆனால் இந்த ஐந்து இடங்களில் அவரை உட்கார வைக்க எந்தத் தடையும் இல்லை. மேலிடத்து உத்தரவு தேவையில்லை. நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு கையெழுத்து போதும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலும் இதைக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். குழுவில் உட்காரத் தயாராக இருப்பவர்களின் பெயர்களும் மனுவோடு போகும், ஆள் கிடைக்கவில்லை என்ற பதில் வரக் கூடாது என்பதற்காக.

நிறுவனங்களிடம் கேட்பது வேறு. முதலில் சம்பளம். கூட வருகிற வக்கீலுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் நாள் கணக்கில் கொடுக்கிறீர்கள், எங்களுக்குப் பஸ் காசும் சால்வையும். ஒரு நாள் மீட்புக்குப் போனால் கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலி போச்சு. கூலி இல்லாமல் வேலை வாங்குவதற்கு எதிரான வேலையில் கூலி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, இதை நான் கோபமாகவே சொல்கிறேன். அடுத்தது, கதையைச் சொல்லாமல் இருக்கும் உரிமை. ஒருவர் குழுவில் வேலை செய்வதற்குத் தன் அனுபவத்தை மைக்கில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இருக்கக் கூடாது. எங்கள் ஆலை அக்கா ஒரு மேடையிலும் ஏறியதில்லை, ஏறப்போவதுமில்லை. எங்கள் குழுவில் அவரைவிடக் கூர்மையாக விசாரிப்பவர் கிடையாது.

இந்த வேலை எங்களைத் தின்பதும் உண்டு, அதையும் நிறுவனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கிடைக்குள் நுழையும்போது அந்த மொச்சை மூக்கில் ஏறினால் எனக்கு வயிறு புரட்டும், அன்று ராத்திரி தூக்கம் வராது. அடுத்த நாள் காலையிலேயே அறிக்கை கேட்காதீர்கள். தொடர்ந்து இரண்டு மீட்புக்கு ஒரே ஆளை அனுப்பாதீர்கள். விலகிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை விடுங்கள், அவர் இந்த வேலைக்குக் கடன்பட்டவர் இல்லை.

தையில் மந்தைகள் வரத் தொடங்கிவிடும். டெல்டாவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வயலிலேயே கிடை கட்டினால், காசு பேசும்போதே ஆடு மேய்க்கிற பையன் யார், எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கீதாரியிடம் சாதாரணமாகக் கேளுங்கள். வயல்காரர் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே சண்டை போடாதீர்கள், விடிவதற்குள் மந்தை வேறு ஊருக்குப் போய்விடும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். எந்த ஊர், எந்த வாய்க்கால், யார் வயல், இன்னும் எத்தனை நாள் கிடை இருக்கும் என்று சொன்னால் அதுவே பெரிய உதவி. பையனைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டாலும் அது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம், மீண்டு வந்த பிறகு அந்தப் படம் அவன் பள்ளிக்கூடம் வரைக்கும் வரும். குழு வரும்போது, உங்கள் களத்து மேட்டிலோ மோட்டார் கொட்டகையிலோ பையனோடு தனியாகப் பேச ஓர் இடம் கொடுங்கள். எங்களுக்கு எப்போதும் கிடைக்காதது அந்த இடம்தான்.